கேமரன் மலைக்குத் தனியாகப் போகிறீர்களா? வண்டி திரும்பி வருமா என்று முதலில் கேளுங்கள்

கேமரன் மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் தேயிலை, ஸ்ட்ராபெரி, குளிர் என்று மூன்றையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நானும் போனேன். மலை உச்சியில் கூட்டிப்போய் இறக்கிவிட்ட வண்டி திரும்பி வராமல் போனால், மழையில், கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்று கூட இல்லாத இடத்தில், தனியாளாக என்ன செய்வது என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரில் எனக்குக் கணக்கு வேலை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வருவேன். அது ஒரு வழியாக முடிந்ததும், எங்கேயாவது மரமும் மேகமும் இருக்கிற இடத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருந்தது. செந்தூலில் இருக்கும் என் அக்கா, "தனியாவா? யாராவது கூட்டாளியைக் கூட்டிக்கிட்டுப் போயேன்" என்றார். கூட்டாளிகளுக்கெல்லாம் பிள்ளைகளும் டியூஷனும் இருக்கின்றன. மலைச் சாலையில் கார் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது, ஆகவே டிபிஎஸ் முனையத்திலிருந்து காலைப் பேருந்து. டிக்கெட் ஒரு வழிக்கு 45 வெள்ளி (ரிங்கிட்).

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் வளைவுகள் ஆரம்பிக்கும், கேமரனின் முக்கிய ஊரான தானா ராத்தா வரை விடாது. வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைத் தாப்பாவுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள், வளைவில் போட்டால் பிரயோஜனம் இல்லை. லாத்தா இஸ்கண்டார் அருவி சாலை ஓரத்திலேயே விழுகிறது. அதைத் தாண்டியும் தாண்டாமலும் ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்களின் சின்னச் சின்னக் கடைகள் வரும், பெத்தாய்க் காய்களைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருப்பார்கள், தேன் போத்தல்கள் வரிசையாக நிற்கும். இந்தப் பக்கத்தில் அதிகம் இருப்பவர்கள் செமாய் இனத்தவர். பேருந்து நிற்காது, காரில் போகிறவர்கள் நிறுத்தி வாங்கலாம்.

முதல் நாள் எல்லாம் நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஊர் முழுக்க நம் சாப்பாட்டுக் கடைகள், தோசையும் சாம்பாரும் சாப்பிட்டுப் பசியாறிவிட்டுப் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் இருக்கும் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனேன். பத்துமலைக் கூட்டத்துக்குப் பழகிய எனக்கு அந்தக் கோயிலின் அமைதியும் கால் வைத்ததும் சில்லென்று ஏறிய தரையும் புதிதாக இருந்தன. சாயங்காலம் விடுதிக் கூடத்தில், 1967 மார்ச் 26ஆம் தேதி இங்கே மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போய் இன்றுவரை என்ன ஆனாரென்றே தெரியாத ஜிம் தாம்சன் கதையைப் படித்தேன். தாய்லாந்தில் பட்டு வியாபாரம் செய்த அமெரிக்கர். தேடாத இடமில்லையாம், ஒரு துணித்துண்டு கூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கு அதைச் சுவாரசியமான கதையாக மட்டும்தான் படித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி விடுமுறை வேறு. சாயங்காலப் பேருந்தில் வீடு திரும்ப டிக்கெட் எடுத்திருந்தேன். காலையில் தேயிலைத் தோட்டம், பாசிக்காடு, ஸ்ட்ராபெரித் தோட்டம், மதியம் இரண்டு மணிக்குள் ஊரில் கொண்டுவந்து விடுவோம் என்று ஓர் அரைநாள் பேக்கேஜ், 70 வெள்ளி. விடுதிக் கவுண்டரிலேயே பதிவு செய்தார்கள், வாட்ஸ்அப்பில் நேரமும் இடங்களும் வந்தன. வந்தது பழைய லேண்ட் ரோவர். ஓட்டிய தம்பி நம் பையன், கலகலப்பாகப் பேசினான். வண்டியில் என்னைத் தவிர ஒரு சீனக் குடும்பம், அவர்களோடு இரண்டு பிள்ளைகள். புறப்பட்டதே தாமதம், அப்புறம் கியா ஃபார்ம் சந்தைப் பக்கத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து, மேலே போய்ச் சேரும்போது பதினொன்று எப்போதோ தாண்டிவிட்டது.

பாசிக்காட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் மேலே போக முடியாது. பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்குச் சற்று மேல். அந்த உயரத்தில் மேகம் வானத்தில் இருப்பதில்லை, மரங்களுக்கு நடுவிலேயே நடமாடுகிறது. மழை பெய்யாவிட்டாலும் இலையும் கிளையும் மேகத்தைத் தடுத்துத் தண்ணீராக்கிச் சொட்டிக்கொண்டே இருக்கின்றன. மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, அடியிலிருந்து நுனிவரை பாசி போர்த்தி நிற்கின்றன. ஒரு கிளையை விரலால் லேசாக அழுத்திப் பார்த்தேன், விரல் முதல் கணு வரை உள்ளே போனது, பழுப்பு நிறத் தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. அந்தப் பாசிக்குள்ளேயே நகம் அளவு வெள்ளைப் பூ ஒன்று, ஆர்க்கிட் வகையாம். குடுவைச் செடிகள் தொங்கின, எட்டிப் பார்த்தால் உள்ளே எறும்புகள் மிதந்தன. மரப்பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள், கீழே தரை போலத் தெரிவது தரை அல்ல, மக்கிய இலையும் வேரும்தான். இன்னொன்று, இந்த இடத்தை அவ்வப்போது மூடிவைப்பார்கள், அனுமதியும் கட்டணமும் உண்டு. திறந்திருக்கிறதா, பேக்கேஜில் அந்தக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நான் பலகைப் பாதையிலிருந்து வெளியே வந்தபோது சீனக் குடும்பம் வண்டியில் ஏறியிருந்தது. சின்னப் பிள்ளை வாந்தி எடுத்து முகமெல்லாம் வெளுத்துப்போய் அம்மா மடியில் கிடந்தது. "அக்கா, இவங்களை மொதல்ல கீழ விட்டுட்டு வந்திடறேன், இன்னும் பத்து நிமிஷம் உள்ள பாருங்க, வந்து உங்களை ஏத்திக்கிறேன்" என்றான் தம்பி. வண்டியில் இடம் இருந்ததே, ஏன் என்னையும் ஏற்றிக்கொள்ளவில்லை என்று பிறகு பலமுறை யோசித்தேன். கீழே வேறு ஒரு கூட்டம் காத்திருந்திருக்கிறது, அவர்களை ஏற்றிக்கொண்டு மேலே வந்து, திரும்பும்போது என்னையும் ஏற்றிக்கொள்ளலாம் என்பது அவன் திட்டம். இதைப் பின்னால் அந்தப் பேக்கேஜை நடத்திய ஏற்பாட்டாளரே வாய்தவறிச் சொன்னார். அதாவது ஒரே வண்டி, இரண்டு குழு. இதைத்தான் நீங்கள் பணம் கட்டும்போதே கேட்க வேண்டும்: இந்த வண்டி எனக்கு மட்டும்தானா, அரை நாள் முழுக்க எங்களோடே இருக்குமா, நடுவில் வேறு யாரையாவது ஏற்றி இறக்குமா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஒரு மணி நேரம் போனது. கேமரனில் பெரும்பாலும் காலை வெளுத்திருக்கும், மதியத்துக்கு மேல்தான் கொட்டும். அன்றைக்கும் ஒரு மணி வாக்கில் ஆரம்பித்தது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. அப்போதே யாரிடமாவது கேட்டு ஏறியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஒரு வண்டிக்காரரிடம் கேட்டேன், இடமில்லை என்றார். இன்னொருவர், "உங்க வண்டி வந்துகிட்டு இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். இரண்டு மணிக்கு மேல் அங்கே நானும் மழையும்தான். கைப்பேசியில் கோடே இல்லை. தம்பியின் எண் வேறு என்னிடம் இல்லை, விடுதி எண் மட்டும்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஓட்டுநரின் எண்ணும் வண்டியின் நம்பர் பிளேட் படமும் ஏறுவதற்கு முன்பே கைப்பேசியில் இருக்க வேண்டும், கூடவே அதை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும். ஊரில் கோடு இருக்கும்போதே அனுப்புங்கள், மேலே போய் அனுப்பலாம் என்று வைக்காதீர்கள்.

கோடில்லாத இடத்தில் 999 முயன்று பார்ப்பதில் தவறில்லை. உங்கள் நிறுவனத்தின் கோபுரம் எட்டாவிட்டாலும் வேறு நிறுவனத்துடையது எட்டினால் அவசர அழைப்பு போகும், 112 அழுத்தினாலும் அங்கேதான் போய்ச் சேரும். எனக்கு இரண்டும் போகவில்லை. நடக்க முடிவு செய்தேன். தார்ச்சாலை, ஒரே சாலை, கீழே தேயிலைத் தோட்டத்துக்குத்தான் போகும் என்பது ஏறும்போதே பார்த்து வைத்திருந்தது. நடுவில் தேயிலைச் செடிகளுக்கு ஊடே குறுக்கு வழி போலச் சில ஒற்றையடித் தடங்கள் இறங்கின, அரை மணி நேரம் மிச்சமாகும் போலத் தெரிந்தது. அங்கே நிற்கும்போதுதான் ஜிம் தாம்சன் ஞாபகம் வந்தது. மனுஷன் இரண்டாம் உலகப் போரில் உளவுப் படையில் இருந்தவர், காட்டுப் பயிற்சி எடுத்தவர். நான் செந்தூல் சந்தையிலேயே வழி தவறுகிறவள். தார்ச்சாலையை விட்டு ஓர் அடி கூட விலகவில்லை. பிறகு தோட்டத்துக்காரர்கள் சொன்னதும் அதேதான், செடிகளுக்கு நடுவே மழைநீர்க் கால்வாய்கள் இலைகளில் மறைந்து கிடக்குமாம், கால் உள்ளே போனால் முறிந்துவிடுமாம்.

பயத்தைவிடக் குளிர்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மேலே பதினைந்து பதினாறு டிகிரி இருக்கும், அது ஒன்றும் பெரிய குளிர் இல்லை என்று நினைப்போம். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் முழுக்க நனைந்து, காற்றும் அடித்தால் அது வேறு கணக்கு. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் பற்கள் தட்ட ஆரம்பித்தன, பையின் ஜிப்பை விரல்களால் பிடிக்கவே முடியவில்லை, பல்லால் இழுத்துத் திறந்தேன். குடை வைத்திருந்தேன், முதல் காற்றிலேயே திருப்பிக்கொண்டது. குடையை வீட்டில் வைத்துவிட்டுத் தொப்பியோடு கூடிய மழைக்கோட்டை எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு காய்ந்த சட்டை, கொஞ்சம் இனிப்பு, ஒரு சின்ன டார்ச். ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும் ஊர்தான், ஆனால் மழை மேகத்துக்குள் நாலரை மணிக்கே மங்கிவிட்டது. நடக்கும்போது அழுதேனா என்றால், அழுதேன். சத்தமாகவே. யார் கேட்கப் போகிறார்கள்? எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதைவிட, இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை எனக்கென்று கிளம்பினேன், அதுவும் இப்படியா என்ற ஆத்திரம்தான் அதிகம் இருந்தது.

இரண்டு மணி நேரம் போல நடந்த பிறகு தோட்டத்து லயத்து வீடுகள் தெரிந்தன. முதல் வீட்டுக் கதவில் மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக்கில். அதைப் பார்த்ததும் கால் தானாக அங்கே போய் நின்றது. கதவைத் திறந்த அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். ஒரு கேள்வி கேட்கவில்லை. "உள்ள வாங்க, மொதல்ல துணிய மாத்துங்க" என்று துண்டும் கைலியும் அவருடைய ஒரு பழைய ஸ்வெட்டரும் கொடுத்தார். நாட்டுக்கே தேயிலை அனுப்புகிற மலையில் எனக்குக் கிடைத்தது சுடச்சுட மைலோ. இரண்டு கிளாஸ் குடித்த பிறகுதான் என்னால் கோர்வையாகப் பேச முடிந்தது.

அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கே வந்த குடும்பமாம். 1929இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்தது முதல் இந்தச் சரிவுகளில் காடு வெட்டிச் செடி நட்டவர்களில் நம் ஆட்கள் நிறைய. ஒரு காலத்தில் லயம் முழுக்கத் தமிழ்க் குரல்தான் கேட்குமாம். பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள், இப்போது பக்கத்து வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளிகளும். கையால் கொழுந்து கிள்ளுவதும் குறைந்துவிட்டது, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு செடிமேல் ஓட்டும் இயந்திரம் வந்துவிட்டது. இதையெல்லாம் எந்தப் பேக்கேஜிலும் சொல்ல மாட்டார்கள். கேமரனுக்குப் பண்பாடு பார்க்கப் போகிறவர்கள், ஸ்ட்ராபெரி வடிவத் தலையணை வாங்கும் நேரத்தில் கால்மணியை எடுத்து இப்படி ஒருவரோடு பேசிப் பாருங்கள் என்பேன்.

அவர் மகன் தன் பிக்கப்பில் என்னைத் தானா ராத்தாவில் கொண்டுவந்து விட்டார். காசு கொடுத்தேன், வாங்கவே இல்லை. வழியில்தான் தெரிந்தது, கியா ஃபார்மிலிருந்து பிரிஞ்சாங் வரை கார்கள் அசையாமல் நின்றன. அந்தத் தம்பி கீழே இறங்கியதும் இதில் மாட்டிக்கொண்டு மேலே ஏற முடியாமல் போயிருக்கிறான். வேண்டுமென்று விட்டுப்போகவில்லை, அதை நம்புகிறேன். ஆனால் பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை அந்தச் சாலை இப்படித்தான் இருக்கும் என்பது அங்கே தொழில் செய்கிற யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. பேருந்து போய்விட்டிருந்தது. விடுதியில் வார இறுதி விலையில் இன்னோர் இரவு. மழைத்தண்ணீர் இறங்கி கைப்பேசி செத்துவிட்டது. இரவே காய்ச்சல்.

கணக்குக்காரி என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பேக்கேஜ் 70, தவறவிட்ட பேருந்து 45, புது டிக்கெட் 45, கூடுதல் இரவு 190, கைப்பேசி பழுது 380, கிளினிக் 85. மொத்தம் 815 வெள்ளி. எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்த நாட்கள் தனி. ஏற்பாட்டாளரிடம் பேசியபோது, ஓட்டுநர் எங்கள் ஆள் இல்லை, வெளி ஆள், வேண்டுமானால் அடுத்த தடவை வரும்போது பாதி விலைக்குக் கூட்டிப்போகிறோம் என்றார். அடுத்த தடவை! எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பலருக்குத் தெரியாத ஒரு வழி இங்கே இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கென்று டிரிபியூனல் (தீர்ப்பாயம்) உண்டு. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. ஐந்தே வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, நாமே நம் கதையைச் சொல்லலாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். நான் விடுதி கொடுத்த ரசீது, "இரண்டு மணிக்குள் ஊரில் விடுவோம்" என்ற வாட்ஸ்அப் செய்தி, பேருந்து டிக்கெட், கிளினிக் பில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டேன். நல்லவேளை, வாட்ஸ்அப் பழைய கைப்பேசியோடு போகவில்லை, சேமிப்பில் இருந்தது. விசாரணைத் தேதிக்கு முன்னாலேயே அவர்களே கூப்பிட்டு 500 வெள்ளி தருகிறோம், கோரிக்கையை மீட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். முழுப் பணமும் வேண்டும் என்று நின்றிருக்கலாம். எனக்கு அதற்கு மேல் விடுப்பு இல்லை, வாங்கிக்கொண்டேன். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் போயிருந்தால் இந்த 500 கூட வந்திருக்காது, ஆகவே எவ்வளவு சின்னத் தொகையானாலும் நிறுவனப் பெயர் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும், உரிம எண்ணைக் கேட்டு அமைச்சின் இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம். காட்டுக்குள் வழிகாட்டியாக வருகிறவர் என்றால் பச்சை பேட்ஜ் இருக்கிறதா பாருங்கள், நீல பேட்ஜ் பொதுவான சுற்றுலா வழிகாட்டிகளுக்கானது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நானே மறுபடி போக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த அக்காவின் ஸ்வெட்டர் வேறு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பள்ளி விடுமுறை இல்லாத செவ்வாய், புதன் மாதிரி நாளில் போங்கள், அறை விலையும் குறைவாக இருக்கும், கியா ஃபார்மைத் தாண்ட ஐந்து நிமிடம் போதும். திங்கள்கிழமை வேண்டாம், சுங்கை பாலாஸில் உள்ள தேநீர் மையம் பொதுவாக அன்றைக்கு மூடியிருக்கும். பாசிக்காட்டுக்குக் காலையில் முதல் வண்டியில் ஏறுங்கள், மதியத்துக்கு முன் இறங்கிவிடுங்கள், வீடு திரும்பும் பேருந்தை அன்றைக்கே வைக்காமல் மறுநாள் காலைக்கு எடுங்கள்.